செத்தவீடு என்று எழுதிய அண்ணைக்கு

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் போய்ப் பார்க்க வேண்டாம், ஆளுக்கு ஆள் சண்டை பிடித்து அது எங்கேயோ போய்விட்டது. ஜேர்மனியில் எசன் நகர உதைபந்தாட்டக் கழகத்தின் ஹாபன்ஸ்ட்ராஸே மைதானம், மேற்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற பகுதி, சிவப்பு வெள்ளைச் சால்வைகள், அவ்வளவுதான் படம். அதற்கு ஒரு அண்ணை, நான் மதிக்கிற ஆள், எழுதினார்: "மூன்றாம் பிரிவு மட்சுக்கு இவ்வளவு சனமோ? இது மட்ச் இல்லைத் தம்பி, செத்தவீடு." அதற்கு என் படத்தை விடக் கூடுதல் லைக். சிரிக்கிற முகங்கள் வேறு வரிசையாக.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மனைவியும் விடச் சொன்னா. விட முடியவில்லை, மன்னிக்கவும்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்தச் சனம் மூன்றாம் பிரிவைப் பார்க்கப் போகவில்லை, எசனைப் பார்க்கப் போகுது. பிரிவு மேலே போகும், கீழே வரும். போன கிழமை பக்கத்தில் நின்ற மனிதர் அடுத்த கிழமையும் அங்கேதான் நிற்பார். இதை எத்தனை தரம் சொன்னாலும் "ஆனால் லெவல் இல்லையே" என்று திரும்ப வருகிறீர்கள். லெவல் பார்ப்பதற்கு ரீவி இருக்கிறது அண்ணை, நானும் பார்க்கிறேன், சம்பியன்ஸ் லீக் நாளில் எங்கள் வீட்டிலும் சோபாவில் இடம் இருக்காது.

முதலில் இந்தக் கழகம் எது என்று தெரிந்துகொண்டு சிரித்திருக்கலாம். ரொட்-வைஸ் எசன் 1953இல் ஜேர்மன் கோப்பையை வென்றது, 1955இல் கைசர்ஸ்லாட்டர்னை 4-3 என்று அடித்து ஜேர்மன் சம்பியன் ஆனது. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராக 84ஆவது நிமிடத்தில் கோல் அடித்தாரே ஹெல்முட் ரான், அந்த 'பேர்ன் அதிசயம்', அவர் அப்போது எசன் ஆட்டக்காரர். உங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிற சிவப்புச் சட்டைக் கழகம் அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருக்கால் தேடிப் பாருங்கள். 1963இல் ஜேர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லீகா தொடங்கியபோது அதில் சேர்த்துக்கொண்ட 16 கழகங்களில் உங்கள் பயேர்ன் இல்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சரி, 2015 பெப்ரவரியில் நடந்த ஒரு கதை சொல்கிறேன். ஆகன் ஊரில், அந்த ஊர்க் கழகமான அலெமானியா ஆகனுக்கும் எசனுக்கும் ஆட்டம். அப்போது இரண்டும் மூன்றாம் பிரிவுகூட இல்லை, நாலாம் பிரிவு, மேற்கு ரெகியோனால்லீகா. நானும் அப்பாவும் என் நண்பனின் பழைய ஒப்பெல் காரில் போனோம், ஹீட்டர் வேலை செய்யாது, அப்பா மடியில் போர்வையோடு வந்தார். ஆகனின் புது டிவோலி மைதானத்தில் கிட்டத்தட்ட 33,000 பேருக்கு இடம் உண்டு. அன்றைக்கு வந்தது 30,313 பேர். நாலாம் பிரிவுக்கு! நான் பள்ளிக்கூடக் கணக்கில் பிழை விட்டவன்தான், இந்த இலக்கத்தில் பிழை விட மாட்டேன். கறுப்பு மஞ்சள் உடுப்பு போடுவதால் ஆகன்காரருக்கு 'உருளைக்கிழங்கு வண்டு' என்று பட்டப்பெயர். அந்த வண்டுகளுக்கு நடுவே ஒரு மூலையில் ஆயிரக்கணக்கில் நாங்கள், குளிரில் குதித்துக் குதித்துப் பாடினோம். ஆட்டம் பெரிய அழகு ஒன்றும் இல்லை, நேர்மையாகச் சொல்கிறேன், பந்து தரையில் இருந்ததை விட ஆகாயத்தில்தான் கூட நேரம் இருந்தது. யார் வென்றது என்று கீழே கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். "இவை ரெண்டு பேரும் முந்தி எங்கையோ பெரிய மட்சில சந்திச்சவையோ?" சந்தித்தவைதான். 1953 கோப்பை இறுதியாட்டம் டுசல்டோர்பில் இந்த இரண்டு கழகங்களுக்கும் இடையேதான் நடந்தது, எசன் 2-1. அறுபத்திரண்டு வருடம் கழித்து அதே இரண்டு பேர், மூன்று மாடி கீழே. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப சனம் வரத்தானே வேணும்."

அந்த வருடம் அந்த லீக்கில் முதலாவதாக வந்தது யார் தெரியுமா? மென்ஷன்கிளாட்பாக்கின் இரண்டாவது அணி. பெரிய கழகத்தின் இளம் பெடியள். வீட்டில் நடக்கும் அவர்களின் ஆட்டத்துக்கு ஒரு சராசரி நாளில் வருகிறவர்களை விட இங்கே ஹம் நகரத்து அம்மன் கோயிலில் சாமான்ய வெள்ளிக்கிழமைக்குக் கூடச் சனம் வரும். 30,000 பேர் பார்த்த ஆகன் இரண்டாம் இடத்தில் நின்று கீழேயே கிடந்தது. லெவல் லெவல் என்கிறீர்களே, லெவல்படி பார்த்தால் அந்த இரண்டாவது அணிதான் நல்ல அணி, சரிதான். போய்ப் பார்த்தீர்களா அண்ணை? ஒருதரமாவது?

இப்போது வரும், எனக்குத் தெரியும்: "இது பழம்பெருமை, அவ்வளவுதான்." எசன் கடைசியாகப் புண்டஸ்லீகாவில் ஆடியது 1976-77. அதைக் கண்ணால் கண்டு நினைவில் வைத்திருக்கிறவருக்கு இன்றைக்கு எப்படியும் ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும். என் படத்தில் முன்னால் நிற்கிற பெடியளுக்குப் பதினைந்து பதினாறு. அவர்கள் பிறந்து வளர்ந்தது பெரும்பாலும் நாலாம் பிரிவும் ஐந்தாம் பிரிவும்தான். அவர்கள் எந்தப் பழசை நினைத்து அழுகிறார்கள்? தாத்தாவின் பழசையா? பழம்பெருமைக்கு மாதம் ஒருதரம் போகலாம். மழையில், திங்கட்கிழமை வேலை இருக்கும்போது, ஞாயிறு வெளியூருக்கு ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போவதற்கு வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொருவர் எழுதியிருந்தார், இவ்வளவு ரசிகர் இருந்தும் ஏன் கீழே கிடக்கிறார்கள், நிர்வாகம் சரியில்லை என்றுதானே அர்த்தம் என்று. ஓம், சரியில்லை. இதில் நான் வாதாடப்போவதில்லை. எசனுக்கு லீக்கில் ஆடுகிற லைசென்ஸ் பறிபோனது ஒருதரம் இரண்டுதரம் அல்ல. 2010இல் வங்குரோத்து, ஐந்தாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். ஆகன் 2009இல் கடன் பட்டுப் புது மைதானம் கட்டியது, 2012இல் வங்குரோத்து, 2017இல் மறுபடியும். காசைத் தின்றவர்கள் யாரோ, நிற்பது சனம். வீட்டுக்காரன் கடனாளி என்பதற்காக வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதில்லையே. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

அடிதடி, இனவாதம். இதை எழுத எனக்கு விருப்பம் இல்லை, எழுதாவிட்டால் மறைக்கிறேன் என்பீர்கள். ஆகனில் 2013இல் இனவாதத்துக்கு எதிராக நின்ற ரசிகர் குழு ஒன்று, வலதுசாரிக் கும்பலின் தாக்குதல் தாங்காமல் மைதானத்தை விட்டே விலகியது. எங்கள் பக்கம் பால் போல வெள்ளை என்று நான் சொல்லவில்லை. எனக்கே ஒரு வெளியூர் ஆட்டத்தில் ஒருவன் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று சொன்னான், பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அவனை என்ன செய்தார் என்பதை இங்கே எழுத முடியாது. அதே வார்த்தையை எனக்கு அலுவலகத்தில் கோட் போட்ட மனிதர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், அங்கே எந்தக் கிழவரும் இருக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வரவில்லை.

"லைப்சிக்கிலும்தான் மைதானம் நிறையுது" என்ற தம்பிக்கு: 2009இல் ஐந்தாம் பிரிவில் ஒரு சின்னக் கழகத்தின் இடத்தை வாங்கி, ரெட்புல் குளிர்பானக் காசில் ஏழே வருடத்தில் புண்டஸ்லீகா. வாழ்த்துகள். நன்றாக ஆடுகிறார்கள். அடுத்தது.

அண்ணை, நீங்கள் ஒவ்வொரு வருடமும் ஹம் காமாட்சி அம்மன் தேருக்குப் போகிறீர்கள். வடம் பிடிக்கிற படமும் போடுகிறீர்கள், நானும் லைக் போடுகிறேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நல்லூர்த் தேரோடு பார்த்தால் அது எத்தனையாம் பிரிவு? பக்கத்தில் தொழிற்சாலை, வெயில் வந்தால் வந்தது, கால் சுடுமா குளிருமா என்று கடைசிவரைக்கும் தெரியாது. யாராவது அங்கே வந்து "நல்லூர் அளவுக்கு இல்லையே, எதுக்கு இவ்வளவு சனம்" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதைத்தான் நானும் சொல்கிறேன். வேறொன்றும் இல்லை. சனம் தேரின் உயரத்தைப் பார்த்து வருவதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா மயிலிட்டி. பந்தடி என்றால் அந்தக் கரையில் என்ன என்று யாழ்ப்பாணத்தார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மயிலிட்டி, நாவாந்துறை, குருநகர் என்று உதைபந்தாட்டத்துக்குப் பெயர் போன ஊர்கள். மட்ச் அன்றைக்குக் கடலுக்குப் போகிற வள்ளம்கூடக் குறையும் என்பார் அப்பா. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். 1990இல் ஊர் முழுக்க எழும்பி ஓடியது, பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம், 2017 வரைக்கும் துறைமுகத்துப் பக்கம்கூடக் காலடி வைக்க முடியவில்லை. அப்பா அதற்கு முதலே, 1986இல், கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்துவிட்டார். நானும் அம்மாவும் வந்தது 1992இல், எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு எசனில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஊரில் கழகம் இருந்தது, ஆடுகிறவர்கள் முகாம்களில் இருந்தார்கள், மைதானம் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தது. அந்தக் கழகம் எத்தனையாம் பிரிவு அண்ணை?

1994இல் உணவகத்தில் வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் அப்பாவுக்கு இரண்டு ரிக்கற் கொடுத்தார். அந்த வருடம் எசனுக்கு என்ன நடந்தது என்றால், சீசன் நடுவிலேயே லைசென்ஸைப் பறித்து, ஆடின லீக் ஆட்டங்களை எல்லாம் கணக்கில் இல்லை என்றாக்கிவிட்டார்கள். அதே வருடம் அதே ஆட்டக்காரர் கோப்பையில் இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள். பெர்லினில் வெர்டர் பிரேமனிடம் 3-1 என்று தோற்றார்கள். ஒரு பக்கத்தில் நீ இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று, மறுபக்கத்தில் மைதானம் நிரம்பி வழியுது. பத்து வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அப்பாவுக்கு என்னவோ நன்றாக விளங்கியது. அதற்குப் பிறகு அவர் விடவில்லை. பாஷை வராத காலத்திலும் மைதானத்தில் அதே இரண்டு கிழவர்கள் பக்கத்தில். அவர்கள் அவரை 'சிவா' என்று கூப்பிடுவார்கள். அப்பாவின் பெயர் அது இல்லை. திருத்தப் போனால், "விடு மோனே, அவைக்கு வாயில வாறது அதுதான்" என்பார்.

போன மார்கழியில் அப்பாவின் செத்தவீடு. நீங்கள் வந்தீர்கள் அண்ணை. பின்வரிசையில் சிவப்பு வெள்ளைச் சால்வையோடு நின்ற இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்களைக் காட்டி "இவை ஆர்?" என்று என்னிடம் கேட்டதும் நீங்கள்தான். நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை, சொல்லுகிற நிலையில் இருக்கவில்லை. ஒருவர் வோக்கரோடு வந்திருந்தார். பஸ் மாறி மாறி வந்தார்களாம்.

அவர்கள்தான் சனிக்கிழமைப் படத்தில் இடதுபக்கம் நிற்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள். நான் அந்தப் படத்தைப் போட்டதே அதற்காகத்தான், எழுத வரவில்லை, அதனால் ஒன்றும் எழுதாமல் போட்டேன்.

கொமென்டை அழிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் பிரிவு, வேலை வெட்டி இல்லாத சனம், என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணை.