1.9 கிராம்

வாரத்துக்கு ஒருவராவது என் உள்பெட்டிக்குப் படம் அனுப்புகிறார்கள். ஈரக் காகிதத்தின் மேல் ஒரு லெப்பர்டு கெக்கோக் குஞ்சு. வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை அது. வால் வளைந்திருக்கும், அல்லது ஒரு கண் திறந்திருக்காது, அல்லது வயிற்றின் அடியில் மஞ்சள் கரு துருத்திக்கொண்டு நிற்கும். கீழே ஒரே கேள்வி: "அண்ணா, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள் என்பதுதான் என் முதல் பதில். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கல்நெஞ்சக்காரன் என்று ஒரு தங்கை எழுதினார். அவருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் நான் கெக்கோ வளர்க்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. குஞ்சு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. ஊர்வன கண்காட்சி ஒன்றில் "இரண்டும் பெண்" என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கி வந்தேன். எட்டு மாதம் கழித்து ஒன்றின் வால் அடியில் இரண்டு புடைப்புகள் தெரிந்தபோதுதான் அது ஆண் என்று புரிந்தது. உடனே பிரித்தேன். ஆனால் பெண் கெக்கோ ஆணின் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். பிரித்த பிறகும் அந்தப் பருவம் முழுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக முட்டை இட்டுக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய கூத்து. "ஊரில் சுவரில் ஓடினதைத் துரத்திவிட்டு வந்தோம், நீ காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாய்" என்பார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்ற பழமொழியை மாதம் ஒருமுறையாவது எனக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவார். இது சுவரில் ஏறாத பல்லி, விரலில் ஒட்டும் தகடு கிடையாது, மனிதரைப் போல இமை மூடித் திறக்கும் என்று நான் விளக்கியதை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. சகுனம் சொல்லாத பல்லி அவர் கணக்கில் பல்லியே இல்லை.

முதலில் நான் கொன்ற குஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது நியாயமாகாது.

ஒரே நாளில் இட்ட இரண்டு முட்டைகளில் ஒன்று காலையில் பொரித்துவிட்டது. மற்றது மாலை வரை அப்படியே கிடந்தது. ஓடு சற்று உள்வாங்கி, மேலே வியர்வை போல நீர்த்துளிகள் பூத்திருந்தன. ஒரு சிறு கீறலும் விழுந்திருந்தது. கீறலுக்குள் மூக்கு நுனி தெரிந்தது, ஆனால் அசைவு இல்லை. மூச்சு முட்டிச் செத்துவிடுமோ என்று பயந்து, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் கீறலைப் பெரிதாக்கினேன். லெப்பர்டு கெக்கோ முட்டையின் ஓடு கோழி முட்டை போல உடையாது. ஈரமான தோல் பைபோல வெட்டுப்படும். அடுத்த கணம் கத்தரிக்கோல் நுனியில் இரத்தம். ஓட்டின் உட்புறம் ஓடிய இரத்த நாளம் ஒன்றை வெட்டிவிட்டிருந்தேன். குஞ்சு வெளியே வந்தபோது பாதி மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்கு வெளியே தொங்கியது. இரவு பதினொரு மணிக்கு அது அசைவதை நிறுத்தியது.

அந்த அசையாமையின் பொருள் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முட்டையைக் கீறியபின் குஞ்சு சும்மா இருக்கும் அந்த மணிநேரங்களில்தான் மிச்சமுள்ள கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, நாளங்களை வற்றவிடுகிறது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. வெளியில் நின்ற எனக்குத்தான் பொறுமை இல்லை.

ஆகவே கரு வெளியே தெரியும் குஞ்சைப் பார்த்தால் இழுக்காதீர்கள், கழுவாதீர்கள், நூல் கட்டாதீர்கள். சுத்தமான சமையலறைக் காகிதத்தை நனைத்துப் பிழிந்து சிறு பெட்டியில் விரியுங்கள், காற்றுக்கு நாலு துளை போடுங்கள், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மணலும் மண்ணும் வேண்டாம், ஈரமான வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஓரிரு நாளில் கரு உள்ளே போய்விடும், அல்லது காய்ந்து தானாக விழும். முதல் சில நாட்கள் குஞ்சு உண்ணவில்லை என்று பதறவும் வேண்டாம். உள்ளே இழுத்துக்கொண்ட கருவே அதற்குக் கட்டுச்சோறு. முதல் தோலை உரித்து, அந்தத் தோலையே தின்றுவிட்டு, அதன் பிறகுதான் இரை தேடும்.

இனி தலைப்பில் உள்ள 1.9 கிராம் ஆளைப் பற்றி.

நல்ல லெப்பர்டு கெக்கோக் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது ஏறத்தாழ மூன்று கிராம் இருக்கும். சென்ற ஆண்டு வந்த இந்தக் குஞ்சு, நகைக்கடைத் தராசில் 1.9 காட்டியது. வால் தூண்டில் முள்ளைப் போல மேல்நோக்கி வளைந்திருந்தது. இடது முன்னங்கால் முழங்கையில் மடங்கி நீள மறுத்தது. இடது கண் மூடியே கிடந்தது. அதற்கான காரணத்தைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஒரு சூடாக்கும் பாயும் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு தெர்மோஸ்டாட்டும்தான். 28 டிகிரியில் வைத்திருந்தேன். வெப்பத்தை அளக்கும் உணரி ஒருநாள் இரவு பெட்டியிலிருந்து நழுவி வெளியே விழுந்துவிட்டது. வெளியே குளிர், ஆகவே தெர்மோஸ்டாட் நிறுத்தாமல் சூடேற்றியது. காலையில் பார்க்கும்போது உள்ளே 36.

இந்தப் பல்லிக்கு முட்டையின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே முடிவு செய்கிறது. 26 டிகிரியை ஒட்டி வைத்தால் பெண், 32ஐ ஒட்டினால் பெரும்பாலும் ஆண், 34ஐத் தாண்டினால் மறுபடி பெண். அவ்வளவு நுட்பமான கணக்கில் நான் ஓர் இரவு முழுக்கக் கை வைத்திருக்கிறேன். "இயற்கையில் இது பிழைத்திருக்காது, விட்டுவிடு" என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறை இடுக்கில் ஒரு தாய் ஈர மண்ணில் புதைத்த முட்டையாக இருந்தால் அவர் சொல்வதை ஏற்றிருப்பேன். இது என் நிலவறையில், என் தெர்மோகோல் பெட்டியில், என் கவனக்குறைவில் வளைந்த வால். இங்கே இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐந்தாம் நாள் தோல் உரிந்தது. மற்ற இடமெல்லாம் வந்துவிட்டது, மடங்கிய காலின் விரல்களில் மட்டும் வெள்ளை உறைபோல ஒட்டிக்கொண்டது. இதை விட்டுவிடக் கூடாது. உலர்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். கைவிடாமல் தலையிட வேண்டிய நேரம் இதுதான். இளஞ்சூடான நீரைக் கால் நனையும் அளவுக்கு ஒரு மூடியில் ஊற்றிப் பத்து நிமிடம் நிற்கவைத்தேன். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியை விரல் அடியிலிருந்து நுனி நோக்கி உருட்டினேன். மூன்று விரலில் வந்தது. நான்காவதில் வரவில்லை. இழுக்காமல் மறுநாள் மீண்டும் நனைத்தேன், வந்தது. ஐந்தாவது விரல் அதற்குப் பிறக்கும்போதே இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது!

கண்ணுக்கு மருத்துவரிடம் போனேன். குஞ்சின் விலையைப் போல மூன்று மடங்கு கட்டணம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் கிடைத்ததே பெரிது. இமைக்குள் சிக்கியிருந்த தோல் துணுக்கை எடுத்தார், கண் திறந்தது. வாலும் காலும் பிறவிக் கோணல், நிமிராது என்றார். பிறந்து சில மாதம் கழித்துக் கால்சியமும் டி3 வைட்டமினும் போதாமல் எலும்பு வளைவது வேறு, இது வேறு. அதில் தாடை ரப்பர்போலத் தளரும், கால் நடுங்கும், நேரத்தில் கவனித்தால் அதோடு நிறுத்திவிடலாம். பிறவிக் கோணலுக்குக் கால்சியம் பொடியை அள்ளிக் கொட்டி ஒரு பயனும் இல்லை. பொடி போகவேண்டியது தாய்க்கு, முட்டை உருவாகும் முன்பே. அதில் நான் தவறியிருந்தேன் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உணவுதான் பலர் குஞ்சைக் கொல்லும் இடம். ஊசி போடும் சிரிஞ்சை வாய்க்குள் நுழைத்துத் திரவ உணவைத் தள்ளுகிறார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் கதை முடிந்தது. தாடையைப் பிளந்து திறப்பதும் வேண்டாம், தீக்குச்சி முனை அளவுத் தாடை அது. நான் செய்தது, மாவுப்புழு ஒன்றை நசுக்கி அதன் சாற்றை உதட்டில் தொட்டுவைத்தது மட்டுமே. நக்கினால் இன்னொரு தொடல். நக்காவிட்டால் மூடி. அதற்கு முன்பே பெட்டியின் ஒரு பக்கத்தைச் 31, 32 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தேன், சூடு இல்லாத வயிற்றில் எதுவும் செரிக்காது. உயிருள்ள சிள்வண்டுகளைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசித்த சிள்வண்டு நோஞ்சான் குஞ்சின் விரலையும் வாலையும் கடிக்கும். உடன்பிறந்த குஞ்சுகளையும் பிரித்து வையுங்கள், அவையும் கடிக்கும்.

நான் பார்த்தது மூன்றே விஷயம்: தானாகச் சூட்டுப் பக்கம் நகர்கிறதா, மூக்கில் வைத்த நீர்த்துளியை நக்குகிறதா, தராசு ஏறுகிறதா. ஒன்பதாம் நாள் 1.7க்கு இறங்கியது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. பதினாலாம் நாள் 1.8. "கோணல் சாப்பிட்டதா?" என்று அம்மா முதல்முறையாக மாடிப்படியில் நின்று கேட்டது அந்த வாரம்தான். பெயரும் அவர் வைத்ததே.

மூன்றுமே நடக்காவிட்டால்? அப்போது உயிரை இழுத்துப் பிடிப்பது நம் மனதுக்காகத்தான், குஞ்சுக்காக அல்ல. முதல் ஆண்டில் அப்படி ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோய், ஊசி போட்டு உயிரை விடுவித்து அனுப்பிவைத்தேன். வீட்டு உறைபெட்டியில் வைத்தால் தூங்கியபடி போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். மெதுவாக உறையவைப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் ஏற்பதில்லை. நான்கு கிராமுக்கும் குறைந்த உயிரைத் திரவ நைட்ரஜனில் கணத்தில் உறையவைப்பதை மட்டும் அது அனுமதிக்கிறது. உங்கள் சமையலறையில் திரவ நைட்ரஜன் இருக்கிறதா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது குஞ்சைக் காப்பாற்றத் தெரியாதவர்கள்மீது அல்ல, நிறத்துக்காக நோயை இனப்பெருக்கம் செய்பவர்கள்மீதுதான். எனிக்மா என்ற நிற வகையில் தலை சாய்வதும் வட்டமிட்டுச் சுற்றுவதும் இரையைத் தவறவிடுவதும் அந்த நிறத்தோடு கூடவே வரும் நரம்புக் கோளாறு. அதை "நடனம்" என்று காணொளி போட்டு விற்கிறார்கள். லெமன் ஃப்ராஸ்ட் வகையில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றுக்கு வெள்ளைக் கட்டிகள் வருகின்றன. அந்த நிறத்துக்கும் கட்டிக்கும் தொடர்புடையது ஸ்பின்ட்1 என்ற ஒரே மரபணு என்று 2021இல் பிளாஸ் ஜெனடிக்ஸ் இதழில் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. அதன் பிறகும் "அழகாக இருக்கிறதே" என்கிறார்கள். நோஞ்சான் குஞ்சுக்கு இரவெல்லாம் கண்விழிப்பதைத் தியாகம் என்று எழுதும் அதே கை, மறு பருவத்தில் அதே ஜோடியை மறுபடி சேர்த்துவைக்கிறது.

கோணல் இன்று 23 கிராம். மற்ற பிள்ளைகள் இந்த வயதில் இதைப்போல இரண்டு மடங்கு இருப்பார்கள். சாய்ந்து நடக்கும். இடுக்கியில் நீட்டும் புழுவை முதல் தாவலில் தவறவிட்டு இரண்டாவதில் பிடிக்கும். அது பெண். போன மாதம் ஒருவர் நல்ல விலை தருவதாகக் கேட்டார், "குட்டி எடுக்கலாம்" என்றார். நான் பதில் எழுதவில்லை.

தாய்ப் பல்லி ஞாயிறு இரவு மீண்டும் இரண்டு முட்டை இட்டது. ஆண் அருகில் இல்லாமலும் பெண் முட்டை இடும், உள்ளே குஞ்சுக்கான கரு இல்லாமலும் இருக்கலாம். விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இட்ட அன்றே எடுத்து ஒரு சிறு டப்பியில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டேன். முட்டைக்குச் செய்வதைக் குஞ்சுக்குச் செய்யமாட்டேன் என்பதில் முரண் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் வாதாட வரமாட்டேன். காலையில் மீன் எடுக்கத் திறந்த அம்மா டப்பியைக் கையில் தூக்கி, "தம்பி, இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி அதே இடத்தில் வைத்து, மீன் பையை மறு தட்டுக்கு மாற்றினார்.