பி.டி. தெளித்த தக்காளி நம் குடலைத் துளைக்குமா?

"பி.டி. மருந்து அடித்த தக்காளியைத் தின்றால், புழுவின் குடலைப் போல நம் குடலும் ஓட்டையாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யும் புழுக்கொல்லி. அந்த பாக்டீரியாவின் புரதம் புழுவின் குடலைத் துளைப்பது என்னவோ நிஜம்தான். ஆனால் இலையோடு சேர்த்துப் புழு விழுங்கும்போது அது வெறும் படிகம். காய்ப்புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை மிக அதிகம். அங்கேதான் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் அதை நறுக்கியபின், குடல் செல்களில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் (அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடங்களில்) ஒட்டித் துளை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாகச் சில நாள் ஆகும். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்த ஏற்பிகளும் நமக்குக் கிடையாது. மற்றப் புரதங்களைப் போல இதுவும் செரித்துப்போகும்.

1901-இல் ஜப்பானில் இஷிவத்தா என்ற ஆய்வாளர் இந்த பாக்டீரியாவைக் கண்டதே நோயுற்ற பட்டுப்புழுக்களில்தான். ஆகவே பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் பயப்பட்டால் அதில் நியாயம் உண்டு. புழுவுக்கு அடிக்கும் இந்தத் தெளிப்பு வெள்ளை ஈயிடம் எடுபடாது. வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் அடிப்பது நல்லது; அடிப்பவர் கண்ணிலும் மூக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.