கோவலனுக்கு எதற்குக் கையில் மைக்?

இலங்கையின் வடக்கே, வன்னியில் கூத்துப் பார்க்கச் சனம் இல்லை என்பது சும்மா கதை. காத்தவராயன் கூத்து என்று நோட்டீஸ் ஒட்டினால் பாயோடும் போர்வையோடும் வந்து இடம்பிடிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கூத்தைக் கெடுப்பது நாங்கள் போடுகிற மேடையும் மைக்கும்தான்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் கலாசார மண்டபத்தில் தொடங்க வேண்டாம். மாசி அறுவடை முடிந்து ஆவணி வரை கோயில் வீதிகளைத் தேடிப் போங்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் திறந்த களரிக்கு, அதாவது கூத்தாடுகிற வெளிக்கு, வாய்ப்பில்லை. முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்து வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது; அதன் ஆட்டமுறையை முல்லை மோடி என்பார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் அம்மன் கோயில்களில் காத்தவராயன். அது சிந்துநடை, பாட்டுத்தான் உயிர். துள்ளி மிதிக்கிற ஆட்டத்தை அதில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மன்னார் பெருநிலத்துக் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்து முற்றிலும் வேறு உலகம், அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

இனி மைக். நடிகரின் கையில் மைக்கைக் கொடுத்த உடனேயே ஒரு கை போய்விட்டது. வாளும் மைக்கும் பிடித்த அரசனுக்கு அபிநயம் செய்யக் கை ஏது? சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஆடும்போது உடுப்பில் உரசி இரைகிறது, மணிமாலையோடு மோதிக் கிலுகிலுக்கிறது. களரிக்கு மேலே எட்டடி உயரத்தில் குறுக்குக் கம்பி இழுத்து மூன்று மைக் தொங்கவிடுங்கள். இவற்றோடு, நடிகரின் அடியைத் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்காரருக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் கீச்சிடும். கோயில் வீதிக்கு அந்தச் சத்தம் தாராளமாகக் காணும்.

தூரத்து மரத்தில் களரியைப் பார்த்தபடி குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இன்னும் மோசம். 100 மீற்றருக்கு அப்பாலிருந்து வரும் சத்தம் ஏறக்குறைய 0.3 செக்கன் பிந்தித்தான் வந்து சேரும். ஆடுகிறவரின் காதில் பக்கத்து மத்தளம் ஒரு அடி, மரத்து மத்தளம் இன்னொரு அடி. கால் தடுமாறினால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பொடியனை ஏசுவார். பிழை மரத்தில் தொங்குகிறது. அந்தக் குழாயில் மத்தளத்தின் அடித்தொனியும் வராது, தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும்.

நாலடிச் சீமெந்து மேடை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிலத்தில் இருக்கிற முன்வரிசைக்கு மிதி தெரியாது. வட்டமாகச் சுற்றி வரவேண்டிய ஆட்டம் ஒரு பக்கச் சனத்துக்காகக் கோடாகிப் போகிறது. இருபதடிச் சதுரத்தில் மண்களரி, மூன்று பக்கமும் சனம், அவ்வளவுதான். பின்னேரம் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கிவிடுங்கள். இருட்டின பிறகு தெளித்தால் காயாமல் வழுக்கும்.

நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கத் தோல் தளர்ந்து மத்தளத்தின் சுருதியும் இறங்கும். ஆர்மோனியம் இறங்காது. பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் கிடந்து உழன்று, விடியமுன் தொண்டையைக் கட்டிக்கொள்வார். பக்கத்தில் சிறு நெருப்பு, மாற்றுக்கு இன்னொரு மத்தளம், ஒவ்வொரு இடைவேளையிலும் சுருதி பார்ப்பது: இந்த மூன்றும் இருந்தால் போதும். கீபோட் வாங்கின காசில் இரண்டாவது மத்தளம் வாங்கியிருக்கலாம்.

போட்டிக்காகக் கால்மணித்தியாலத்துக்குள் சுருக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வெட்டுப்படுவது வரவும் (பாத்திரம் களரிக்கு வருகிற ஆட்டமும் பாட்டும்) பிற்பாட்டும். வரவுதான் பாத்திரம் யாரென்று காட்டுகிறது. பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுகிற நேரம்தான் நடிகருக்கு மூச்சு. அதை வெட்டினால் மூன்றாவது தருவிலேயே, அதாவது பாட்டிலேயே, மூச்சு வாங்கும், பிறகு குரல் கத்தலாக மாறும். ஆளுக்கு இரண்டு வரியாக முழுக் கதையையும் கொறிக்காமல் ஒரே கட்டத்தை எடுங்கள். பாண்டியன் சபையில் கண்ணகி வழக்குரைக்கிற இடம் போதும். வரவுக்கு மூன்று நிமிடம், மிச்சம் முழுக்க வழக்கு, பிற்பாட்டு ஒரு அடிகூடக் குறையாமல். நடுவருக்குக் கதைச்சுருக்கம் வேண்டுமென்றால் அறிவிப்பாளர் நாலு வரியில் சொல்லட்டும்.