கார்டைப் பாருங்கள், குகையை மூடாதீர்கள்

வடக்கு ஃப்ளோரிடாவில் நாங்கள் வழக்கமாக டைவிங் போகும் ஊற்று ஒன்றில், இனி சனி, ஞாயிறுகளில் யாரும் நீருக்கடியில் உள்ள குகைக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். தனியார் இடம் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் அங்கே போய்ப் பாருங்கள். ரப்பர் டியூப், பீர் பெட்டி, அலறும் ஸ்பீக்கர். இடுப்பளவுத் தண்ணீரில் கூட்டம் மிதித்து மிதித்து நீர்ப்புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதக்கிறது. தரையெல்லாம் வெறும் மணல். இதற்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. முதுகில் இரட்டை சிலிண்டரும் இடுப்பில் விளக்கு பேட்டரியுமாக, ஐம்பது கிலோவைச் சுமந்துகொண்டு படியில் நிற்கும் எங்களைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். 1960, 70களில் ஃப்ளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் நிறையப் பேர் இறந்தார்கள். அந்த மரணங்களை ஆராய்ந்து காரணங்களைப் பிரித்துச் சொன்னவர் ஷெக் எக்ஸ்லி. அவரே ஒரு குகை டைவர். வாயில்வரை அறுபடாத வழிக்கயிறு இல்லாதது, காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பி வர மிச்சம் வைக்காதது, வரம்பு மீறிய ஆழம். உள்ளே துடுப்பு ஒருமுறை தவறாகப் பட்டால் போதும், களிமண் கிளம்பி உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அப்போது விரலில் தட்டுப்படும் கயிறு மட்டும்தான் வழி. இன்று எந்தக் குகைப் பயிற்சிக்கும் அடிப்படை, அந்தக் காரணங்களைத் தவிர்க்கும் விதிகள்தான். டைவர்களே உயிரைக் கொடுத்துக் கற்றது இது.

முறையாக நடத்தும் இடங்கள் இல்லாமலா போயின? பீகாக் ஸ்பிரிங்ஸில் குகைப் பயிற்சி இல்லாதவர் டார்ச் கொண்டு இறங்க முடியாது. வெளிச்சம் கையில் இல்லாவிட்டால் உள்ளே போகும் ஆசையும் வராது. ஜின்னி ஸ்பிரிங்ஸில் ஒரு குகையின் உட்பகுதியை இரும்புக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள், அதனால் முன்கூடத்தில் சாதாரண டைவரும் விளக்கோடு நீந்தலாம். அதே வளாகத்தில் இருக்கும் டெவில்ஸ் குகைகளுக்கு விதி வேறு. ஃப்ளோரிடாவிலேயே ஈகிள்ஸ் நெஸ்ட் என்ற நீர்க்குகையில் 2013-ல் குகைப் பயிற்சி இல்லாத இருவர் இறந்தபோது அதை மூடச் சொல்லிப் பெரிய குரல் எழுந்தது. மாநில அரசு மூடவில்லை. சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இது எங்கள் பொழுதுபோக்கு பற்றிய சண்டை மட்டுமல்ல. இந்த ஊற்றுகள் எல்லாம் நிலத்தடி நீர் வெளியே வரும் வாசல்கள். அதே நீரைத்தான் இங்கே குழாயில் குடிக்கிறோம். வக்கல்லா ஊற்றும் லியான் சிங்க்ஸ் குகைகளும் ஒரே தொடர் என்று 2007-ல் உள்ளே நீந்திப் போய்க் காட்டியவர்கள் டைவர்கள். எங்கோ நிலத்தில் விடும் கழிவு எந்த ஊற்றில் வந்து சேரும் என்று தெரிய, இப்படி யாராவது வரைந்த வரைபடம் வேண்டும். குகையை மூடினால் அந்தக் கண்ணும் சேர்ந்துதான் மூடும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வார இறுதியிலும் கூட்டம் வருமுன் காலை பத்து மணிவரை எங்களை விடுங்கள். வாசலில் பயிற்சி முடித்ததற்கான குகை டைவர் கார்டைக் கேளுங்கள், இல்லாதவரைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், அடுத்த விதியைப் போடுமுன் அந்தக் குகையை அறிந்த ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். கடிதம் எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அங்கே டைவ் செய்யும் நண்பர்கள் நீங்களும் ஒன்று எழுதி அனுப்புங்கள்.