இந்த வாரம் வகுப்பில் கழித்தல்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இந்த வாரம் வகுப்பில் என்ன படிக்கப்போகிறார்கள் என்ற தகவல், திங்கட்கிழமைக்கு முன்பே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. அறிவியலில் நீரின் மூன்று நிலைகள், மொழிப்பாடத்தில் எதிர்ச்சொற்கள், கணக்கில் இனமாற்றிக் கழித்தல் (பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பது) என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டையும் பெரும்பாலான வீடுகள் ஓசையின்றிக் கடந்துவிடும். கழித்தல் என்று கண்டதும் நாம் எல்லோருமே ஆசிரியர்களாகிவிடுகிறோம். பாடம் தொடங்குவதற்குள் வீட்டிலேயே குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடும் இந்த அவசரம், பிள்ளைக்கு உதவுவதைக் காட்டிலும் குழப்புவதே அதிகம் என்பது என் கருத்து.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், இந்தப் பாடத்தைத் தொடங்கும் நிலையில் உள்ள பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். உடனே கவனக்குறைவு என்று கடிந்துகொள்கிறோம். அந்த விடையைச் சற்று உற்றுப் பார்த்தால், 2-இல் 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்றும், பத்துகளின் இடத்தில் 5-இலிருந்து 2-ஐக் கழித்து 3 என்றும் பிள்ளை எழுதியிருப்பது தெரியும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்று முன்பு நாமே சொன்ன விதியை, அது ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே கடைப்பிடித்திருக்கிறது. அதே பிள்ளையிடம் 81-இலிருந்து 46-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று விடை வரும், காரணமும் அதுவேதான். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி நிரல்களில் பிழை தேடுவதைப் போலவே பிள்ளைகளின் கழித்தல் பிழைகளைத் தேடி வகைப்படுத்தி, அவற்றில் பல தற்செயலானவை அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் பிறப்பவை என்று காட்டினார்கள். ஆக, கவனமாகச் செய் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அது ஏற்கெனவே கவனமாகத்தான் செய்திருக்கிறது.

நடுவில் சுழியம் வந்தால் சிக்கல் இன்னும் கூடும். 402-இலிருந்து 138-ஐக் கழிக்கும்போது, பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே சுழியம் நிற்கிறது. சுழியம் வந்தால் 9 போட்டுக்கொள் என்று வீட்டில் கற்ற பிள்ளை, 12-இல் 8 போக 4, 9-இல் 3 போக 6, 4-இல் 1 போக 3 என்று முடித்து 364 எழுதுகிறது. சரியான விடை 264. ஒன்பது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லாததால், நூறுகளின் இடத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. நான்கு நூறுகளில் ஒன்றை உடைத்தால் பத்துப் பத்துகள் கிடைக்கும். அந்தப் பத்தில் ஒன்றை மறுபடியும் உடைத்து ஒன்றுகளோடு சேர்த்தால் 3 நூறுகளும் 9 பத்துகளும் 12 ஒன்றுகளும் இருக்கும், கூட்டிப் பார்த்தால் அதே 402தான். இதைத் தன் கையால் ஒருமுறை பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு ஒன்பதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இராது.

பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் வகுப்பில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுக்கிறார்கள். கட்டை அவிழ்த்து, எண்ணி, மறுபடியும் கட்டுவதிலேயே பாடவேளை போய்விடுவதைக் கண்டு, நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே, வாரம் முழுக்க விளையாட்டுத்தானா என்று குறைப்படும் பெற்றோர் உண்டு. குச்சிகளோடு நின்றுவிட்டு எழுத்துக் கணக்குக்கு வராத வகுப்பும் குறையுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வில்லியம் பிரவுனெலும் ஹாரல்ட் மோசரும் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1949-இல் வெளியிட்ட ஆய்வில், இனமாற்றிக் கழிக்கும் முறையைப் பொருள் புரிந்து கற்றவர்கள், அதையே இயந்திரம்போலக் கற்றவர்களைவிட, சொல்லித்தராத புதிய கணக்குகளையும் நன்றாகச் செய்தார்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சில பெற்றோர் கற்ற முறையே வேறு: மேலே ஒன்றுகளுக்குப் பத்தைக் கூட்டி, அதற்கு ஈடாகக் கீழே பத்துகளின் இடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். அதன்படி 52-இலிருந்து 27-ஐக் கழித்தால் 12-இல் 7 போக 5, 5-இல் 3 போக 2, ஆக 25. முறையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் மேலே இருக்கும் 5 நான்காகிறது, வீட்டில் கீழே இருக்கும் 2 மூன்றாகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கும் பிள்ளை, மேலேயும் குறைத்துக் கீழேயும் கூட்டி 15 என்று எழுதிவிட்டுத் திருதிருவென்று விழிக்கிறது.

ஆகவே இந்த வாரம் வீட்டில் செய்யத்தக்கது, பிள்ளை செய்து முடித்த ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, இந்த நான்கு ஏன் வந்தது, இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறவாமல் இருப்பதுதான். (பின்னது மிகவும் கடினம்.) பதில் வந்தால் மேலும் இரண்டு கணக்குகள் போதும். வராவிட்டால், வீட்டுப்பாடமாக வந்த இருபது கணக்குகளையும் அன்றே செய்துமுடிக்க வைக்காமல், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று நோட்டிலேயே ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்பலாம். தவறான விதியோடு இருபது கணக்குகளைச் செய்யும் பிள்ளை, அந்தத் தவறைத்தான் இருபது முறை பழகிக்கொள்கிறது.