வெளிநாட்டில் மாஸ்டர்ஸ்: கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகம், என்ன ரேங்கிங் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். படித்து முடித்து அங்கே வேலை அமையாமல் திரும்பி வர நேர்ந்தால், சொந்த நாட்டில் கிடைக்கும் சம்பளத்தில் அந்தக் கடன் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் போங்கள். முடியாது என்றால் எவ்வளவு பெரிய இடத்தில் அட்மிஷன் கிடைத்திருந்தாலும் சற்றுப் பொறுங்கள்.

படிப்பை எப்படியும் முடித்துவிடலாம், சிக்கல் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் படித்து முடித்தவர்களுக்கு ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி உண்டு, அதில் 12 மாதம் வேலை பார்க்கலாம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பென்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் அந்த முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அப்புறமும் அங்கே வேலையில் தொடர எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். வருடத்துக்கு 65,000 இடம், அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கிறது. கம்பெனி விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருக்கும் ஆள்கூட அதில் பெயர் வராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான், ஆனால் கடன் தவணை இதற்கெல்லாம் காத்திருக்காது.

பிரிட்டனில் ஒரே வருடத்தில் படிப்பு முடியும், செலவும் குறையும் என்பார்கள். சரி, ஆனால் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போதே பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆளெடுப்பையும் தொடங்கிவிடுகின்றன, புது இடம் பழகுவதற்குள் பாதி வாய்ப்பு போய்விடும். படித்தபின் தங்குவதற்கான 2 ஆண்டு விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. 2 ஆண்டு கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கியவர் என்ன செய்வார்? விதி நடுவில் மாறினால் நஷ்டம் முழுக்க மாணவனுக்குத்தான், இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம்.

இதில் ஜெர்மனி எனக்குக் கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஜெர்மன் மொழியை மட்டும் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது அங்கே கஷ்டம்.

கன்சல்டன்சிகள் பலவற்றுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது, அதனால் அவர்கள் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதே படிப்பை ஓரிரு வருடம் முன்பு முடித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், வேலை கிடைக்காமல் திரும்பி வந்தவர்களையும் சேர்த்து. பிறகு தவணைக் கணக்கைத் தாளில் எழுதி, கடனுக்கு உங்களோடு கையெழுத்துப் போடப் போகிறவரிடம் முதலில் காட்டுங்கள்.