ஃபோல்சம் சிறையில் எழாத கூவல்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் சிறைக்குள் கைதிகள் முன் பாடிப் பதிவுசெய்த 'அட் ஃபோல்சம் பிரிசன்' ஆல்பத்தை ஒருமுறையேனும் கேட்டவர்களுக்கு அதில் மறக்க முடியாத ஓர் இடம் இருக்கும். முதல் பாடலான 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' ஓடிக்கொண்டிருக்கிறது. ரீனோ நகரில் ஒருவனைச் சுட்டேன், அவன் சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்று பொருள்படும் அடியைக் கேஷ் தம் கனத்த குரலில் பாடி முடிக்கிறார். உடனே கைதிகள் நடுவிலிருந்து குதூகலமாக ஒரு கூவல் எழுகிறது. பல ஆண்டுகள் அந்தக் கூவலைக் கேட்டபோதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. கொலையைப் பற்றிய அடிக்கு, கொலை செய்தவர்களும் இருக்கும் அவை ஆர்ப்பரிக்கிறது என்ற நினைப்பு தந்த கிளர்ச்சி அது. பிற்பாடுதான், அந்த இடத்தில் அப்படியொரு கூவல் எழவே இல்லை என்பதையும், ஒலிநாடாவைத் தொகுத்தபோது அது பின்னால் சேர்க்கப்பட்டது என்பதையும் அறிந்தேன்.

நேரடி நிகழ்ச்சி என்று விற்கப்படும் ஆல்பங்களில் இத்தகைய ஒட்டுவேலை புதிதன்று என்பது எனக்கும் தெரியும். தப்பான சுரத்தைத் திருத்துவார்கள், கைதட்டலை நீட்டுவார்கள், நாமும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த ஆல்பத்தில் கேட்பவர்களுக்கு உள்ள பங்கு பாடுபவருடைய பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. பாடல்களில் பலவற்றைக் கேஷ் முன்பே ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியிருந்தார். இங்கே புதிதாகக் கிடைத்தது அந்தச் சிறைக்கூடத்தின் ஓசைதான். அந்த ஓசையிலேயே கைவைத்துவிட்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

1968 ஜனவரி 13 அன்று, கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறை உணவுக்கூடத்தில் காலையில் ஒன்றும் நண்பகலுக்குப் பின் ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது சரியாக அமையாவிட்டால் இரண்டாவது கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. முதலாவதே நன்றாக அமைந்துவிட்டதால் ஆல்பத்தின் பதினாறு பாடல்களில் இரண்டு மட்டுமே பிந்தைய நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டன. உடன் பாடும் கலைஞர்களான ஜூன் கார்ட்டர், கார்ல் பெர்கின்ஸ், ஸ்டாட்லர் பிரதர்ஸ் குழுவினர் ஆகியோரோடு கேஷின் தந்தையும் வந்திருந்தார். சிறைக்குள் ஓர் ஆல்பம் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை கேஷுக்கு நெடுநாளாக இருந்தும், பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்ற பிறகுதான் அது கைகூடியது. அப்போது கேஷுக்கு வயது முப்பத்தைந்து; போதை மாத்திரைப் பழக்கத்தால் உடலும் தொழிலும் சரிந்துபோய், மெல்ல எழுந்துவரும் காலம்.

ஆல்பத்தின் தொடக்கமே ஓர் ஏற்பாடுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேஷ் மேடைக்கு வந்ததும் கைதட்ட வேண்டாம், அவர் தம் பெயரைச் சொன்ன பிறகே ஆரவாரம் செய்யுங்கள் என்று நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஹியூ செர்ரி கைதிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அதனால்தான் 'ஹலோ, ஐ'ம் ஜானி கேஷ்' என்ற சொற்கள் அந்த அமைதியில் தனியாக ஒலிக்க, அடுத்த கணமே கூடம் அதிர்கிறது. இந்த ஏற்பாட்டின் மீது எனக்குக் குறையில்லை. எப்போது என்பதைத்தான் அவர்களுக்குச் சொன்னார்கள். தட்டிய கைகள் அவர்களுடையவை.

ரீனோ அடிக்கு அவர்கள் அடங்கி இருந்ததற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கூடத்தில் காவலர்கள் நின்றிருந்தார்கள். குற்றத்தையோ சிறையையோ பற்றிய சொற்களுக்கு மிகையாக ஆர்ப்பரித்தால், பாடகர் போன பிறகு அதற்கான பலனை அனுபவிக்கப்போவது தாங்கள்தாம் என்று கைதிகள் அறிந்திருந்தார்கள். பாடுபவர் மாலையில் வெளியே போய்விடுவார். கேட்பவர்கள் இரவும் அங்கேதான் இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையைச் சுமந்திருந்த அமைதியை அழித்துவிட்டு, கைதி என்றால் கொலைக்குக் குதிப்பவன் என்று வெளியே இருப்பவர்கள் எண்ணிக்கொள்ளத் தோதான ஓர் ஓசையை அங்கே வைத்துவிட்டார்கள். மயிர்க்கூச்செறிந்து நின்ற என்னைப் போன்றவர்களுக்காகவே அது வைக்கப்பட்டது என்று நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

உண்மையான சிரிப்புக்கும் ஆரவாரத்துக்கும் அந்த ஆல்பத்தில் பஞ்சமே இல்லை. ஷெல் சில்வர்ஸ்டைன் எழுதிய '25 மினிட்ஸ் டு கோ' பாடலில் தூக்குமேடைக்குப் போகும் ஒருவன் எஞ்சிய நிமிடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழிக்கிறான். 1895-க்கும் 1937-க்கும் இடையில் தொண்ணூற்று மூன்று பேரைத் தூக்கிலிட்ட சிறை ஃபோல்சம். அதன் சுவர்களுக்குள் நின்று இந்தப் பாடலைப் பாட ஒருவனுக்குத் துணிவு வேண்டும், கேட்டுச் சிரிக்க அதைவிடப் பெரிய துணிவு வேண்டும், அவர்களோ வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் துயரத்தைப் பாடும் 'டார்க் அஸ் எ டஞ்சன்' பாடலின் நடுவில், கூட்டத்தில் யாரோ செய்த ஏதோ ஒன்றுக்குக் கேஷுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. பதிவு நடக்கிறது, சிரிக்காதீர்கள் என்று செல்லமாக அதட்டிவிட்டு மேலே பாடுகிறார். ஒலிப்பதிவுக் கூடமாக இருந்தால் கேஷ் அந்தக் குறும்பை வெட்டி எறிந்துவிட்டு இன்னொரு முறை பாடியிருப்பார். பாடல்களுக்கு நடுவே ஒலிபெருக்கியில் கைதிகளை எண் சொல்லி அழைக்கும் அறிவிப்பும் பதிவாகியிருக்கிறது. ஆல்பம் முழுவதிலும் என்னை அதிகம் கலங்கவைப்பது அந்த அறிவிப்புதான்: பாட்டு நடக்கும்போதும் சிறை தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் என்று பலரும் நம்புகிறார்கள், அது தவறு. மாத்திரைகளோடு பிடிபட்டது போன்ற சில நிகழ்வுகளில் காவலில் இரவு கழித்தாரே தவிர, தண்டனைக் கைதியாக அவர் எங்கும் இருந்ததில்லை. அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து மேற்கு ஜெர்மனியில் பணியாற்றியபோது ஃபோல்சம் சிறையைப் பற்றிய ஒரு திரைப்படத்தைப் பார்த்த தாக்கத்தில் எழுந்த பாடல்தான் 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்'. மெட்டும் பல அடிகளும் கார்டன் ஜென்கின்ஸ் அதற்கு முன்பே வெளியிட்டிருந்த 'கிரசண்ட் சிட்டி புளூஸ்' பாடலிலிருந்து வந்தவை; இதற்காகக் கேஷ் பின்னாளில் ஜென்கின்ஸுக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. ரீனோ இருப்பது நெவாடா மாநிலத்தில். அங்கே கொலை செய்தவன் கலிபோர்னியாச் சிறையில் எப்படி வந்து சேர்ந்தான் என்று கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. ஆக, கடன் வாங்கிய மெட்டு, திரையில் கண்ட சிறை, கணக்கில் உதைக்கும் ஓர் ஊர். இவற்றோடுதான் அவர் உண்மையான கைதிகள் முன் நின்றார். அவர்கள் இதையெல்லாம் ஆராயாமல் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1957-இல் டெக்சஸின் ஹண்ட்ஸ்வில் சிறையில் தொடங்கி, ஒலிப்பதிவு ஏதுமில்லாத காலத்திலேயே பல சிறைகளுக்குப் போய்ப் பாடியவர் அவர் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஒற்றை அடி வெளியுலகில் பட்ட பாடு வேறு. ஆல்பம் மே மாதம் வெளிவந்தது. ஜூன் தொடக்கத்தில் அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்பத் தயங்கின. கேஷ் எதிர்ப்புத் தெரிவித்தும் கேளாமல் அந்த அடியை வெட்டிவிட்டுத் தனிப்பாடலை மீண்டும் வெளியிட்டது கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம். அது கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஆல்பத்துக்காக, இல்லாத கூவலைச் சேர்த்தார்கள்; வானொலிக்காக, இருந்த அடியை நீக்கினார்கள்; இரண்டுமே விற்பனைக்காக.

ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'கிரேஸ்டோன் சேப்பல்' கேஷ் எழுதியதன்று. ஆயுதம் ஏந்திக் கொள்ளையடித்த குற்றத்துக்காக அதே சிறையில் இருந்த கிளென் ஷெர்லி எழுதியது. ஒலிநாடா ஒன்றில் பதிவாகி, ஃபிளாய்ட் கிரெஸெட் என்ற போதகர் வழியாக நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்தான் அது கேஷின் கைக்கு வந்தது. இரவு சாக்ரமென்டோ விடுதியில் ஒத்திகை பார்த்துவிட்டு, மறுநாள் முன்வரிசையில் இருந்த ஷெர்லியின் முன்னாலேயே பாடினார். அந்த நேரத்து ஆரவாரத்தில் எந்த ஒட்டுவேலையும் தேவைப்படவில்லை.

ஷெர்லியின் பின்கதை அவ்வளவு இனிமையானதன்று. கேஷின் முயற்சியும் சேர்ந்து 1971-இல் அவர் விடுதலையானார். கேஷ் அவரைத் தம் இசைக்குழுவோடு சேர்த்துக்கொண்டார். 1972-இல் இருவரும் வாஷிங்டனில் செனட் துணைக்குழுவின் முன் சிறைச் சீர்திருத்தத்துக்காகச் சாட்சியம் அளித்தார்கள். ஆனால் ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை ஷெர்லிக்கு ஒத்துவரவில்லை. குழுவிலிருந்த ஒருவரை மிரட்டும் அளவுக்கு நிலைமை முற்றியதால் கேஷே அவரை விலக்க நேர்ந்தது. 1978-இல் ஷெர்லி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கேஷ் வணிகத்துக்காக அவரைப் பயன்படுத்தினார் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறை வாசலுக்கே போய் வரவேற்றவர் அவர். ஆனால் மேடையிலிருந்து பார்த்தபோது தெரிந்த ஷெர்லியைத்தான் கேஷும் அறிந்திருந்தார், நிகழ்ச்சி முடிந்த பின் அறைக்குத் திரும்பிய ஷெர்லியை அவர் அறிந்திருக்க வழியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போதும் இந்த ஆல்பத்தை அடிக்கடி கேட்கிறேன். ரீனோ அடி வரும்போது அந்தக் கூவலைக் காதிலிருந்து விலக்கப் பார்க்கிறேன், முடிவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒலிபெருக்கி எண்களைச் சொல்லும் இடம் வந்ததும் மட்டும், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அந்த எண்ணுக்கு உரியவர் பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனாரா என்பது பதிவில் இல்லை.